ஊர் சுத்தியே காசை அழிச்சவரா எங்கப்பா?

(ஒலி வடிவத்துல இருந்த திரும்பத் திரும்ப வர்ற வார்த்தைகளை மட்டும் எடுத்துட்டு, பேசினதைப் பேசின மாதிரியே எழுத்துல குடுத்திருக்கோம்.)

வழக்கமா இந்தப் பாட்காஸ்ட்ல வேலை, சம்பளம், இன்டர்வியூ, ஆபீஸ் அரசியல்னு பேசுவோம். இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான். எங்கப்பாவைப் பத்திப் பேசப்போறேன். அப்பா 2023 டிசம்பர்ல தவறிட்டாரு. ரெண்டு எபிசோட்ல அதைப் பத்தி ஒரு வரி சொல்லிட்டுக் கடந்து போயிட்டேன். நிறையப் பேர் மெசேஜ் அனுப்பிக் கேட்டீங்க. ஒரு முழு எபிசோட் பேசலாம்னு இப்பதான் தோணுச்சு.

ஆனா இது அழுகாச்சி எபிசோட் கிடையாது. அப்பாவைப் பத்தி ஒரு வாக்குவாதம் எங்க சொந்தத்துக்குள்ள ஓடிட்டிருக்கு. அதுக்கு என் பக்கத்து பதிலைச் சொல்லணும்னு நினைக்கிறேன். வாக்குவாதம் இதுதான்: "மனுசன் நல்லவன். ஆனா தின்னும் ஊர் சுத்தியுமே காசைக் கரைச்சுட்டான். ஒரு சொந்த வீடு உண்டா?" பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த ஒரு பெரியப்பா சொன்னது. பந்தியில உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே சொன்னாரு, அதையும் கவனிங்க.

திருப்பூர்ல ஒரு மனுசனை எப்படி அளப்பாங்க

வெளியூர்ல இருந்து கேக்கறவங்களுக்கு முதல்ல இதைச் சொல்லணும். திருப்பூர்ல பெரும்பாலானவங்க வேலைக்குப் போறது 'பனியன் கம்பெனி'க்கு. ஏற்றுமதி ஆகறது டி-ஷர்ட்டா இருந்தாலும், குழந்தைங்க டிரஸ்ஸா இருந்தாலும் எங்க ஊர்ல அது பனியன் கம்பெனிதான். நூல் ஒரு இடம், நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் வேற வேற இடம். ஒரு டி-ஷர்ட் வெளிநாடு போறதுக்கு முன்னாடி ஊருக்குள்ளயே அஞ்சாறு தடவை வண்டி ஏறி இறங்கிரும்.

இப்படித் துண்டு துண்டா வேலை நடக்கறதால, நாலு மெஷினைப் போட்டு ஜாப் ஒர்க் எடுத்தே ஒருத்தர் முதலாளி ஆகலாம். அப்படி ஆனவங்க நிஜமாவே நிறையப் பேரு. சரத் சாரின்னு ஒரு ஆராய்ச்சியாளர் திருப்பூரைப் பத்தி 2004ல 'ஃபிரட்டர்னல் கேபிடல்'னு ஒரு புத்தகமே எழுதியிருக்காரு. தொழிலாளியா உள்ள வந்த விவசாயக் குடும்பத்துப் பசங்க எப்படி முதலாளி ஆனாங்கங்கறதுதான் அதுல மையமே. தங்களோட உழைப்புதான் தங்களோட முதல்னு அவங்க சொல்லிக்கிட்டதையும் அவர் பதிவு பண்ணியிருக்காரு.

இந்தக் கதையோட இன்னொரு பக்கத்தை யாரும் பேசறதில்லை. முதலாளி ஆகாதவனை ஊர் என்ன சொல்லும்? "அவன்கூட ஒண்ணா வேலைக்குச் சேந்தவன் இன்னைக்கு 40 மெஷின் ஓட்டறான், இவன் இன்னும் கத்தரிய விடல"ன்னு சொல்லும். எங்கப்பா கத்தரிய விடாத ஆளு.

தாராபுரத்துக்குப் பக்கத்துல மானாவாரி பூமி. மழை பேஞ்சா சோளம், இல்லைன்னா ஒண்ணுமில்லை. 1986ல 18 வயசுல திருப்பூர் பஸ் ஏறினாரு. முதல்ல கைமடி. அதாவது டெய்லருக்குப் பக்கத்துல நின்னு துணி எடுத்துக் குடுத்து, மடிச்சு வெக்கற வேலை. அப்புறம் கட்டிங் டேபிளுக்கு மாறி, கடைசி வரைக்கும் கட்டிங் மாஸ்டர்.

கட்டிங் மாஸ்டர்னா என்ன

இந்த வேலையைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். அப்பாவைப் புரிஞ்சுக்க அது தேவை.

பனியன் துணி இழுத்தா இழுபடும். கம்பாக்டிங் முடிஞ்சு ரோலா வர்ற துணியை உடனே வெட்டினா, தைச்சு முடிச்சு ஒரு தண்ணி விட்டதும் சுருங்கிரும். அதனால ரோலைப் பிரிச்சு, கொஞ்ச நேரம் காத்தாட விட்டு, இழுக்காம மேல மேல அடுக்கணும். அதை லேயர் போடறதும்பாங்க. அதுக்கு மேல முன்பக்கம், பின்பக்கம், கைன்னு பேட்டர்னை வெச்சு, நடுவுல எவ்வளவு கம்மியா துணி வீணாகுமோ அப்படி இடம் பாத்து வெட்டணும். ஒரு பீஸோட விலையில பெரிய பங்கு துணிக்குத்தான். ஒரு பீஸ்ல 10 கிராம் மிச்சம் பண்ணினா, 10,000 பீஸ் ஆர்டர்ல 100 கிலோ துணி மிச்சம். முதலாளிக்கு அந்த 100 கிலோதான் லாபம்.

எங்கப்பா அந்த 10 கிராம் ஆளு. வேஸ்ட் குறைவா வர்ற மாஸ்டர்னு அவருக்கு காதர்பேட்டை வரைக்கும் பேரு இருந்துச்சு. காலையில எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டு மணி. ஒன்றரை ஷிப்ட். திங்கள்ல இருந்து சனி வரைக்கும். சனிக்கிழமை ராத்திரி சம்பளம்.

வேலையில 10 கிராமுக்குக் கணக்குப் பாக்கற மனுசன் வீட்டுல சாப்பாட்டுக்கு மட்டும் ஏன் கணக்கே பாக்கல? பெரியப்பாவோட கேள்வி உண்மையில இதுதான்.

சனி ராத்திரியில இருந்து ஞாயிறு ராத்திரி வரைக்கும்

சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல திருப்பூரைப் பாத்திருக்கீங்களா? ஊர் மொத்தமும் ஒரே நேரத்துல கையில காசோட ரோட்டுக்கு வரும். காளான் வண்டி, பரோட்டாக் கடை, துணிக்கடை, செருப்புக்கடை, மளிகைக்கடை எல்லாமே நிரம்பி வழியும். அப்பா அந்தக் கூட்டத்துக்குள்ள இருந்து டிவிஎஸ் எக்ஸெல்ல வந்து இறங்குவாரு. ஹேண்டில் பார்ல ஒரு கவர் தொங்கும். லைன் வீட்டு வாசல்ல நானும் அக்காவும் நின்னுட்டிருப்போம். கவரோட வாசனையை வெச்சே காளானா, பரோட்டாவா, முட்டை போண்டாவான்னு கண்டுபிடிக்கணும். சரியாச் சொன்னவங்களுக்கு முதல் பங்கு.

ஞாயித்துக்கெழமை காலையில ஆறு மணிக்கெல்லாம் கறிக்கடை வரிசையில நிப்பாரு. அன்னைக்கு அடுப்பு அவருக்கு. அவரோட ஸ்பெஷல் பள்ளிபாளையம் சிக்கன். விதை எடுத்த வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல்லு, கறிவேப்பிலை. மசாலாப் பொடியே கிடையாது. "பொடி போட்டா கோழி எங்க இருக்குதுன்னு தேடோணும் கண்ணு"ம்பாரு. தேங்காயை எல்லாப் பல்லும் ஒரே அளவுல இருக்கற மாதிரி கீறுவாரு. கட்டிங் மாஸ்டர் இல்லையா.

மாசத்துல ரெண்டு ஞாயிறு வெளிய கிளம்பணும். அது சட்டம். பஸ்ல பல்லடம், உடுமலை மாறி அமராவதி அணை போவோம். முதலைப் பண்ணையில முதலை அசையறதுக்காக அரை மணி நேரம் காத்துக்கிட்டு நிப்பாரு. "அதுவும் ஞாயித்துக்கெழமை லீவுல இருக்குது, தொந்தரவு பண்ணாதீங்க"ன்னு பக்கத்துல நிக்கற முன்னப் பின்ன தெரியாத குழந்தைங்ககிட்ட சொல்லுவாரு. வர்ற வழியில அமராவதிநகர் சைனிக் பள்ளிப் பசங்க யூனிஃபார்ம்ல போறதைப் பாத்தா, என் முதுகைத் தட்டி நேரா நிக்க வெப்பாரு.

திருமூர்த்தி மலை போனா பஞ்சலிங்க அருவி. அங்க குரங்கு ஒண்ணு எங்க புளிசாதத்தைத் தூக்கோட கொண்டுபோயிருச்சு. அம்மா கத்தறாங்க. அப்பா மேல பாத்து, "ஊறுகாய் வேணுமா?"ன்னு கேக்கறாரு. கொடிவேரி போனா பவானித் தண்ணியில குளியல், பரிசல், கரையில சுடச்சுட பொரிச்ச மீனு. மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி ரயில்ல ஒரே ஒரு தடவை போயிருக்கோம். விடியறதுக்கு முன்னாடியே வரிசையில நின்னு, ரிசர்வேஷன் இல்லாத டிக்கெட் வாங்கி. குன்னூர் வரைக்கும் இன்ஜின் பின்னாடி இருந்து தள்ளும், தண்டவாளத்துக்கு நடுவுல பல் வெச்ச பட்டை இருக்கும், அதைச் சக்கரம் கவ்விக் கவ்வி ஏறும். எல்லாரும் மலையப் பாத்துட்டு வந்தாங்க. அப்பா குனிஞ்சு பல்லையே பாத்துட்டு வந்தாரு. 2005ல யுனெஸ்கோ அந்த ரயிலை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்ததை நான் ஸ்கூல்ல படிச்சுட்டு வந்து சொன்னப்ப, "நாம போனதுக்கப்புறம்தான் சேத்தாங்களா?"ன்னு கேட்டாரு. அதுல அவருக்கு ஒரு பெருமை.

எங்க போனாலும் வண்டியில ஒரு பை நிறைய பனியன் வேஸ்ட் இருக்கும். கை துடைக்க, சீட் துடைக்க, மூக்கு சிந்த எல்லாத்துக்கும் அதுதான். திருப்பூர்க்காரங்களுக்கு இது புரியும், டிஷ்யூ பேப்பர் வாங்கறதெல்லாம் எங்க வீட்டுல குத்தம்.

கரண்ட் போனா தாயம். கட்டிங்குக்கு மார்க் பண்ற சாக்பீஸால தரையில கட்டம் போடுவாரு, கோடு அவ்வளவு நேரா இருக்கும். ஆட்டம் மட்டும் நேரா இருக்காது. அப்பட்டமா ஏமாத்துவாரு. அக்கா கையும் களவுமா பிடிச்சா, "ஏனம்மிணி, அப்பன் வயசானவன், கண்ணு தெரியல"ம்பாரு. அப்ப அவருக்கு 38 வயசு.

சாயப்பட்டறை மூடின வருஷம்

நல்ல சம்பளம் இருந்தா யார் வேணா ஜாலியா இருக்கலாமேன்னு நீங்க கேக்கலாம். அதனால 2011ஐப் பத்திச் சொல்றேன்.

நொய்யல் ஆத்துல சாயக்கழிவு கலக்கற வழக்கு பல வருஷமா நடந்துட்டிருந்துச்சு. கீழ இருக்கற ஒரத்துப்பாளையம் அணையில தேங்கினது சாயத்தண்ணி, அதனால ஆயக்கட்டு விவசாயிங்க நிலமும் கிணறும் போச்சு. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிருச்சு. நூத்துக்கணக்கான பட்டறை ஒரே நேரத்துல நின்னுச்சு. ஒரு சொட்டுக் கழிவுகூட வெளிய விடாத தொழில்நுட்பம் வந்தப்புறம்தான் ஒவ்வொண்ணா திறந்தாங்க.

சாயம் இல்லைன்னா துணி வராது. துணி வராட்டி கட்டிங் டேபிள் காலி. வெளியூருக்கு அனுப்பி சாயம் போட்டு வர்ற துணிக்காக அப்பா காத்திருந்த நாட்கள் நிறைய. வாரத்துல ரெண்டு நாள், மூணு நாள்தான் வேலை. நான் எட்டாவது படிச்சுட்டிருந்தேன். ஞாயித்துக்கெழமை இனி இல்லைன்னுதான் நானும் அக்காவும் நினைச்சோம்.

அந்த ஞாயித்துக்கெழமையும் கிளம்பினோம். ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் நஞ்சராயன் குளம். வீட்டுல இருந்து பக்கம்தான். வறுத்த நிலக்கடலை ஒரு பொட்டலம், வீட்டுல போட்ட டீ ஒரு பிளாஸ்க். கரையில உக்காந்து பறவையை எண்ணினோம். யாருக்கும் ஒரு பறவை பேரும் தெரியாது. அப்பாவே பேரு வெச்சாரு. நீளமான மூக்கு இருந்தா "ஊசி", கூட்டமா ஒரே இடத்துல நின்னா "செக்கிங் செக்ஷன்". 2024ல அந்தக் குளம் ராம்சார் பட்டியல்ல வந்தப்ப ஆபீஸ்ல உக்காந்து அந்தச் செய்தியைப் படிச்சேன். அவருக்கு போன் பண்ணிச் சொல்லத் தோணின விஷயம். சொல்ல ஆள் இல்லை.

அன்னைக்குத் திரும்பி வர்றப்ப நொய்யல் பாலத்துல வண்டிய நிறுத்தினாரு. "இத்தனை வருசமா இந்த சீசனுக்கு என்ன கலர் ஓடுதுன்னு ஆத்தப் பாத்தே சொல்லிரலாம் கண்ணு. செவப்பு, நீலம், பச்சை. அதுல என்ற சம்பளமும்தான் ஓடியிருக்குது"ன்னாரு. கோர்ட்டை ஒரு வார்த்தை திட்டல. தன்னோட வேலை போய்ட்டிருக்கற நேரத்துல ஒரு மனுசன் இதைச் சொல்றான்னா, அவனை வெறும் சாப்பாட்டுப் பிரியன்னு சுருக்க எனக்கு மனசு வரல.

2020 லாக்டவுன்லயும் அப்படித்தான். கம்பெனி மூடியாச்சு. பக்கத்து லைன் வீட்டுல பீகார் பசங்க ஆறு பேர், கையில காசில்லை, ஊருக்குப் போக ரயில் இல்லை. அப்பா தினமும் ஒரு வேளை அரிசிம்பருப்புச் சாதம் செஞ்சு குடுத்தாரு. பதிலுக்கு அவங்க அவருக்கு லிட்டி சுட கத்துக்குடுத்தாங்க. அப்பாவுக்கு இந்தி தெரியாது, அவங்களுக்குத் தமிழ் அரைகுறை. பேச்சு முழுக்க மாவையும் அடுப்பையும் கைகாட்டித்தான். ரயில் விட்டு அவங்க கிளம்பினப்ப கட்டுச்சோறு குடுத்தனுப்பினாரு.

நோட்டுக் கணக்கு

இப்ப பெரியப்பாவுக்கு வருவோம்.

அப்பா போன வேகத்தைப் பத்தி அதிகம் பேசல. வேலையில இருக்கும்போதே நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க, நான் பெங்களூர்ல இருந்து வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. 55 வயசு.

காரியமெல்லாம் முடிஞ்சு பீரோவை ஒழுங்கு பண்றப்ப, கட்டிங் ரிப்போர்ட் எழுதற நீள நோட்டு பதினோரு இருந்துச்சு. 2006ல இருந்து 2016 வரைக்கும் வீட்டுக் கணக்கு. ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளம், வாடகை, ஏலச்சீட்டு, ஸ்கூல் பீஸ், ஊருக்கு அனுப்பினது, அதுக்குக் கீழ "ஞாயிறு"ன்னு தனியா ஒரு வரி. நான் சாஃப்ட்வேர்க்காரன், சும்மா இருப்பேனா? எல்லாத்தையும் ஸ்ப்ரெட்ஷீட்ல ஏத்தினேன். மூணு வார இறுதி ஆச்சு.

பதினோரு வருஷத்துல "ஞாயிறு" வரியோட மொத்தம் சுமார் 1 லட்சத்து 43 ஆயிரம் ரூபா. சராசரியா வாரத்துக்கு 250. சம்பளத்துல நூத்துக்கு ஏழு ரூபா. நாலு பேரோட கறி, காளான், பஸ், பரிசல், ஊட்டி ரயில் எல்லாம் சேத்து அவ்வளவுதான். கணக்கே பாக்காத மனுசன்னு நாங்க நினைச்சிட்டிருந்தவரு, அந்த ஏழு ரூபாயை எட்டா ஆக விடல. வேலை இல்லாத 2011ல அந்த வரியில சில வாரம் "கடலை 10"னு மட்டும் இருக்கு.

அதுல வீடு கட்டியிருக்க முடியுமா? முடியாது. பணம் போன இடம் வேற. வாடகை, அத்தையோட ஆபரேஷன், அக்கா கல்யாணம், என்னோட இன்ஜினியரிங் பீஸ். பந்தியில உக்காந்து பேசின பெரியப்பாவோட பையன் கல்யாணத்துக்குச் செஞ்ச மொய்கூட நோட்டுல இருக்கு. [சிரிப்பு] அதை நான் அவர்கிட்ட சொல்லல. இந்த எபிசோடைக் கேட்டா தெரிஞ்சுக்கட்டும்.

ஆனா ஒரு விஷயத்துல பெரியப்பா பக்கமும் நியாயம் இருக்கு. அப்பா போனப்ப அம்மா கையில ஒண்ணும் இல்லைங்கறது நிஜம். அதுக்குக் காரணம் சிக்கனும் அருவியும் இல்லை. நோட்டுல இல்லாத ஒரு வரிதான் காரணம்: பிஎஃப். அப்பா கடைசி பல வருஷம் பீஸ் ரேட் கான்ட்ராக்ட்ல இருந்தாரு. கையில கொஞ்சம் கூடக் கிடைக்கும், பிடித்தம் இல்லை. எல்லாருக்கும் அப்போதைக்கு அது வசதியாத் தெரிஞ்சுது.

இந்தத் தகவலைக் கவனமாக் கேளுங்க. 20 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல பிஎஃப் கட்டணும். பீஸ் ரேட்டு, கான்ட்ராக்ட் மூலமா வந்தவங்கன்னு சொல்லி ஒதுக்கிட முடியாது, அவங்களும் சட்டப்படி தொழிலாளிங்கதான். பிஎஃப் உறுப்பினரா இருக்கற ஒருத்தர் வேலையில இருக்கும்போதே இறந்துட்டா, சேந்த பணம் மட்டும் இல்லை, மனைவிக்கு மாசாமாசம் பென்ஷன் உண்டு. குறைஞ்சபட்சம் 1,000 ரூபா, பெரிய தொகை இல்லை, ஆனா மறுமணம் பண்ணிக்காத வரைக்கும் ஆயுசுக்கும் வரும். அதோட இடிஎல்ஐன்னு ஒரு இன்சூரன்ஸ், அதிகபட்சம் 7 லட்சம் வரைக்கும். இதுக்குத் தொழிலாளி தனியா ஒரு பைசா கட்ட வேண்டாம், கம்பெனிதான் கட்டும். இப்ப நோட்டுல இருக்கற 1 லட்சத்து 43 ஆயிரத்தையும் இந்த 7 லட்சத்தையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. எங்கம்மாவோட பாதுகாப்பு எங்க காணாமப் போச்சுன்னு தெரியும்.

ஒரு தொழிலாளி சந்தோஷமா இருந்தா, அவன் வறுமைக்கு அந்தச் சந்தோஷம்தான் காரணம்னு ஊர் சொல்லிரும். அது ரொம்பச் சுலபமான கணக்கு. கம்பெனி கட்டாத பணத்தை யாரும் பந்தியில உக்காந்து பேசறதில்லை.

அம்மா சொன்ன கணக்கு

இவ்வளவும் தயார் பண்ணி, லேப்டாப்பைத் திறந்து அம்மாகிட்ட காட்டினேன். ஏழு பர்சென்ட், கிராஃப் எல்லாம் போட்டு. அம்மா கண்ணாடியப் போட்டுட்டு பொறுமையாப் பாத்தாங்க. அப்புறம், "இதுல என்ற கணக்கு எங்க சாமி?"ன்னாங்க.

புரியல எனக்கு. சொன்னாங்க: "ஊர் சுத்துனது உங்கப்பா. காலைல மூணு மணிக்கு எந்திரிச்சு புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் கட்டுனது நானு. வாரத்துக்கு 250 ரூவால நாலு பேரு ஊட்டி போக முடிஞ்சுதுன்னா, சோறு வீட்ல இருந்து போச்சு. வந்து பாத்திரம் கழுவுனதும் நானு. அவருக்கு ஞாயித்துக்கெழமை லீவு. எனக்கு எப்ப?"

கோவமாச் சொல்லல. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாங்க. அம்மாவும் அப்ப ஒரு கம்பெனியில செக்கிங் வேலைக்குப் போயிட்டிருந்தாங்க. ஆறு நாள் அங்க, ஏழாவது நாள் கட்டுச்சோறு.

"அப்ப உனக்கு அந்த ட்ரிப்பெல்லாம் பிடிக்கலையா?"ன்னு கேட்டேன்.

"பிடிக்காமயா? உங்கப்பன் அருவியில நனைஞ்சுட்டு வந்து, முதல் உருண்டைய எனக்கு உருட்டிக் குடுத்துட்டுதான் திங்கும். அது பிடிக்கும். மூணு மணி அலாரம்தான் பிடிக்காது."

அப்பா ரொம்ப நல்ல மனுசன். அந்த நல்ல மனுசனோட ஞாயித்துக்கெழமைக்கு அடியில இன்னொருத்தரோட ஞாயித்துக்கெழமை இருந்துச்சு. ரெண்டும் உண்மை. ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணை அழிக்க வேண்டியதில்லைன்னு நினைக்கிறேன். அப்பாவை நினைச்சுப் பாக்கறப்ப அந்தப் புளிசாதத்தையும் சேத்து நினைச்சாத்தான் ஞாபகம் முழுசாகுது.

அப்பா போனதுல இருந்து அம்மா வெளிய எங்கயும் வர்றதில்லை. "அவரில்லாம என்னத்துக்கு"ன்னு ஒரே பதில். ஒன்றரை வருஷம் அப்படித்தான் போச்சு. இந்தப் பேச்சுக்கப்புறம் நான் கேள்விய மாத்திக் கேட்டேன். "அப்பாவோட ட்ரிப் வேண்டாம்மா. உன்னோட ட்ரிப்னா எங்க போவே?"

கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "வால்பாறை. குளுகுளுன்னு ஒரு ரூம்ல ரெண்டு நாள் சும்மா உக்காந்திருக்கோணும். எவனும் எந்திரின்னு சொல்லக் கூடாது."

போனோம். அம்மா, அக்கா, அக்கா பொண்ணு, நான். ஆழியார்ல இருந்து 40 கொண்டை ஊசி வளைவு. அக்கா பொண்ணுக்கு அஞ்சு வயசு, ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் சொல்லிட்டே வந்தா. கட்டுச்சோறு இல்லை. பனியன் வேஸ்ட் பை மட்டும் இருந்துச்சு, அதை விட முடியாது. அம்மா எட்டு மணி வரைக்கும் தூங்கினாங்க. ஹோட்டல்ல மெனு கார்டைக் கையில வாங்கி முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சாங்க. பெப்பர் சிக்கன் ஆர்டர் பண்ணினாங்க. ஒரு வாய் சாப்பிட்டு, "பொடி போட்டுக் கெடுத்து வெச்சிருக்கானுங்க. கோழி எங்கன்னு தேடோணும்"னாங்க. அக்காவும் நானும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

நீங்க செய்ய வேண்டியது மூணு

எபிசோட் முடியப்போகுது. கேக்கறவங்கள்ல பாதிப்பேர் வீட்டைவிட்டு வேற ஊர்ல வேலை பாக்கறவங்கன்னு எனக்குத் தெரியும். அதனால மூணு வேலை குடுக்கறேன்.

ஒண்ணு. இந்த வாரம் வீட்டுக்கு போன் பண்ணி, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பிஎஃப் இருக்கா, யுஏஎன் நம்பர் இருக்கா, நாமினி பேரு சரியா ஏத்தியிருக்கான்னு கேளுங்க. ஆன்லைன்லயே நாமினி மாத்தலாம். சின்ன யூனிட்ல, வீட்டுல தைக்கறவங்களா இருந்தா, தமிழ்நாடு அரசோட தையல் தொழிலாளர் நல வாரியத்துல பதிவு இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா தொழிலாளர் துறை மூலமாப் பதியலாம். உங்களோட நாமினியையும் அப்படியே பாத்துருங்க. பேச்சிலரா இருந்தப்ப போட்டது இன்னும் அப்படியே இருக்கும்.

ரெண்டு. உங்க அப்பா செய்யற ஒரு சமையல், இல்லைன்னா அவர் அடிக்கடி சொல்ற ஒரு கதை, அவரோட குரல்லயே ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கோங்க. என்கிட்ட 4 நிமிஷம் 20 செகண்ட் இருக்கு. தேங்காயை எப்படிக் கீறணும்னு சொல்றாரு. நடுவுல குக்கர் விசில் அடிக்குது, அதையும் நான் எடிட் பண்ணல.

மூணு. உங்க வீட்டு ஜாலியான ஆளு யாருன்னு உங்களுக்குத் தெரியும். அந்த ஜாலிக்காக அலாரம் வெச்சு எந்திரிச்ச ஆளு யாருன்னு கண்டுபிடிங்க. அடுத்த ட்ரிப் எங்கங்கறதை அவங்க முடிவு பண்ணட்டும்.

அடுத்த வாரம் வழக்கம்போல ஒரு கெஸ்டோட வர்றேன். நோட்டீஸ் பீரியட்ல கம்பெனி உங்ககிட்ட என்னெல்லாம் கேக்கலாம், கேக்கக் கூடாதுன்னு பேசப்போறோம். அது வரைக்கும் நேரத்துக்குச் சாப்பிடுங்க.